பப்பெட்டில் பட்டியல்கள்: ஏன் சேர்க்க முடியவில்லை, எடுத்த பெயர் ஏன் மெஷினை விட்டுப் போகவில்லை

உங்கள் கேள்வியில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. பல மெஷின்களை ஒரே மாதிரி அமைத்து வைக்கும் கருவியான பப்பெட்டில், எல்லா மெஷின்களுக்கும் வேண்டிய பேக்கேஜ்களை (நிறுவ வேண்டிய மென்பொருள்களை) அடிப்படை கிளாஸில், அதாவது சேர்ந்து வரும் அறிவிப்புகளின் தொகுப்பில், ஒரு பட்டியலாக எழுதியிருக்கிறீர்கள். வெப் சர்வருக்கான கிளாஸிலிருந்து அதே பட்டியலில் இன்னும் இரண்டு பெயரைச் சேர்க்கப் போனால் பப்பெட் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. இது ஒன்று. இன்னொன்று, வேண்டாத பேக்கேஜ் ஒன்றின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்து ஒரு வாரம் ஆகிவிட்டது, ஆனால் அது எல்லா மெஷினிலும் அப்படியே இருக்கிறது. வேறு வேறு சிக்கல் போலத் தெரிந்தாலும் இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. பைத்தானிலோ ஷெல் ஸ்கிரிப்டிலோ பழகிய கை, பட்டியல் என்றதும் போட்டு எடுக்கிற ஒரு பெட்டியை நினைத்துக்கொள்கிறது. பப்பெட்டில் பட்டியல் என்பது, இந்த மெஷினில் இன்னின்ன இருக்க வேண்டும் என்று சொல்கிற ஒரு வாக்கியத்தின் துண்டு. சொல்லி முடித்த வாக்கியத்துக்குள் பிறகு போய் எதையும் செருக முடியாது, சொல்லாமல் விட்டதை அது மறுப்பதும் இல்லை.

முதலில் சேர்ப்பதைப் பார்ப்போம். பப்பெட்டில் ஒரு வேரியபிளுக்கு (மதிப்பை வைக்கும் பெயருக்கு) ஒரு ஸ்கோப்பில், அதாவது அந்தப் பெயர் செல்லும் எல்லைக்குள், ஒரே ஒரு முறைதான் மதிப்பு கொடுக்கலாம், வேறொரு கிளாஸுக்குள் இருக்கும் வேரியபிளுக்கு வெளியிலிருந்து மதிப்பு கொடுக்கவே முடியாது. பப்பெட் 3 வரை, இருக்கும் பட்டியலில் சேர்ப்பதற்கு += என்று ஒரு குறி இருந்தது, பழைய கட்டுரைகளில் இன்னமும் அதைப் பார்க்கலாம். அது உண்மையில் வெளியே இருந்த பட்டியலைத் தொடவே இல்லை, உள்ளே ஒரு நகலை எடுத்து அதில் சேர்த்துக்கொண்டது, அவ்வளவுதான். மூலப் பட்டியல் மாறிவிட்டது என்று நம்பி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். 2015இல் வந்த பப்பெட் 4 அதை எடுத்தே விட்டது, நல்ல முடிவு என்றுதான் நான் நினைக்கிறேன். ஏனென்றால் யோசித்துப் பாருங்கள்: அடிப்படை கிளாஸ் தன் பட்டியலை வைத்து பேக்கேஜ் ரிசோர்ஸ்களை (ரிசோர்ஸ் என்பது பப்பெட் கவனிக்கும் ஒரு பொருள்: பேக்கேஜ், கோப்பு, பயனர் போல) அறிவித்து முடித்த பிறகு வெப் கிளாஸ் வந்து இரண்டு பெயரைச் சேர்த்தால் அவை யாருக்கும் தெரியாமல் விட்டுப்போகும், முன்னால் வந்து சேர்த்தால் மட்டும் நிறுவப்படும். அதாவது எந்த கிளாஸை முதலில் இன்க்ளூட் செய்தோம் என்பதைப் பொறுத்து மெஷின் மாறும். அப்படி ஒரு நிலை வரக் கூடாது என்பதற்காகத்தானே இந்த மாதிரி மொழிக்கே வந்தோம்.

சரி, மாற்ற முடியாது என்றால் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளலாம். (நிஜ நிரலில் வேரியபிள் பெயர்கள் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும், சிறிய எழுத்திலோ அடிக்கோட்டிலோ தொடங்க வேண்டும், இங்கே படிக்க வசதியாகத் தமிழில் தருகிறேன்.)

$எல்லாம் = $அடிப்படை + $கூடுதல்

கூட்டல் குறி இரண்டு பட்டியல்களை ஒட்டி மூன்றாவதாக ஒன்றைத் தரும், பழைய இரண்டும் அப்படியே இருக்கும். கழித்தல் குறி, வலப்பக்கம் உள்ள பெயர்கள் இடப்பக்கத்தில் எத்தனை முறை வந்திருந்தாலும் அத்தனையையும் நீக்கிய புதுப் பட்டியலைத் தரும். << குறி ஒரே ஒரு உறுப்பைக் கடைசியில் சேர்க்கும், ஆனால் வலப்பக்கம் ஒரு பட்டியலைக் கொடுத்தால் அதைப் பிரிக்காமல் பட்டியலுக்குள் பட்டியலாக வைத்துவிடும், இதில் பலர் தடுமாறுவார்கள். கூட்டலிலும் ஒரு பொறி இருக்கிறது: வலப்பக்கம் ஹாஷ், அதாவது ஒவ்வொரு சாவிக்கும் ஒரு மதிப்பு வைத்த தொகுப்பு, இருந்தால் அதைச் சாவி, மதிப்பு ஜோடிகளாக உடைத்துச் சேர்க்கும். ஹாஷை முழுதாக ஒரு உறுப்பாகச் சேர்க்க வேண்டுமென்றால் அதைச் சதுர அடைப்புக்குள் போட்டுக் கூட்டுங்கள்.

அடுத்தது, இந்தப் பட்டியலை வைத்து என்ன செய்வது. பெயர்கள் மட்டும்தான் வேறு, மற்றபடி எல்லாம் ஒரே மாதிரி என்றால் லூப் எதுவும் வேண்டாம். ரிசோர்ஸின் டைட்டில் (அதன் அடையாளப் பெயர்) இருக்க வேண்டிய இடத்தில் பட்டியலையே வைத்துவிடலாம், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு ரிசோர்ஸ் தானாக வரும், பட்டியல் காலியாக இருந்தால் ஒன்றும் வராது, தவறும் வராது. சார்பு சொல்லும்போதும் அப்படியே: பேக்கேஜ்[$எல்லாம்] -> சர்வீஸ்['எஞ்ஜின்எக்ஸ்'] என்ற ஒரே வரி, அத்தனை பேக்கேஜ்களும் முடிந்த பிறகுதான் எஞ்ஜின்எக்ஸ் வெப் சர்வர் சர்வீஸ் என்று சொல்லிவிடும்.

உறுப்புக்கு உறுப்பு ஏதாவது மாறுகிறது என்றால்தான், பட்டியலை ஒவ்வொரு உறுப்பாக ஓட்டும் ஈச் வேண்டும். ஈச், மேப், ஃபில்டர், ரெட்யூஸ் எல்லாம் பப்பெட் 4இலிருந்து மொழியின் இயல்பான பகுதி. அதற்கு முன்னால் இதற்காகவே டிஃபைன் ஒன்றை (நாமே உருவாக்கும் ரிசோர்ஸ் வகையை) எழுதி அதன் டைட்டிலில் பட்டியலைத் திணிக்கும் வித்தை ஒன்று இருந்தது, பழைய மாட்யூல்களில் (தயார் நிரல் தொகுப்புகளில்) பார்த்தால் பயப்பட வேண்டாம், அது லூப் இல்லாத காலத்து லூப். ஈச் எதையும் புதிதாகத் தராது, உள்ளே ரிசோர்ஸ் அறிவிக்கத்தான் அது. புதுப் பட்டியல் வேண்டுமென்றால் மேப், சிலதை மட்டும் வடிகட்ட ஃபில்டர். பட்டியலின் மேல் ஓடும்போது லாம்டாவுக்கு (ஒவ்வொரு உறுப்புக்கும் ஓடும் நிரல் துண்டுக்கு) ஒரு பெயர் கொடுத்தால் உறுப்பு வரும், இரண்டு பெயர் கொடுத்தால் முதலில் வரிசை எண், பிறகு உறுப்பு. பட்டியலை ஒரே மதிப்பாகச் சுருக்கும் ரெட்யூஸை மட்டும் கொஞ்சம் யோசித்துப் பயன்படுத்துங்கள், ஆறு மாதம் கழித்து அதைப் படிக்கப்போகிறவருக்கு அது பெரும்பாலும் ஒரு புதிராகத்தான் இருக்கும், மேப்பும் ஃபில்டரும் சேர்ந்தால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

அந்த வரிசை எண்ணைப் பற்றி நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு வாசல் அங்கேதான் இருக்கிறது. மூன்று பேக்கப் வேலைகள் உள்ள ஒரு பட்டியல், அதை ஈச்சில் ஓட்டி, கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் வசதி) ரிசோர்ஸ்களுக்கு பேக்கப்-0, பேக்கப்-1, பேக்கப்-2 என்று வரிசை எண்ணை வைத்து டைட்டில் கொடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நன்றாகத்தான் ஓடும். ஒரு நாள் முதல் வேலை வேண்டாம் என்று அதைப் பட்டியலிலிருந்து எடுக்கிறீர்கள். இப்போது இரண்டாவது வேலை பேக்கப்-0 ஆகிவிட்டது, மூன்றாவது வேலை பேக்கப்-1 ஆகிவிட்டது, பப்பெட் அந்த இரண்டு வரிகளையும் ஒழுங்காகத் திருத்திவிடும். ஆனால் கிரானின் வேலைக் கோப்பான கிரான்டாபில் ஏற்கெனவே எழுதிய பேக்கப்-2? அதைப் பற்றி இப்போது யாரும் எதுவும் சொல்லவில்லை, அதனால் அது அங்கேயே இருக்கும், மூன்றாவது வேலை இனி தினமும் இரண்டு முறை ஓடும். எந்த லாகிலும் ஒரு தவறும் தெரியாது. சர்வர்களை உருவாக்கித் தரும் டெராஃபார்ம் என்ற கருவியில் கவுன்ட் (எண்ணிக்கை) வைத்துப் பட்டியலை ஓட்டுகிறவர்களுக்கு இதே தவறு இன்னும் பெரிய அடியாக விழும், நடுவில் ஒன்றை எடுத்தால் அதற்குப் பின்னால் இருக்கிற சர்வர்களை எல்லாம் மாற்றவோ அழித்துத் திரும்ப உருவாக்கவோ அது கிளம்பிவிடும், அதனால்தான் பெயரைச் சாவியாக வைக்கும் ஃபார்-ஈச் அங்கேயும் வந்தது. டைட்டில் எப்போதும் உறுப்பின் சொந்தப் பெயரிலிருந்து வர வேண்டும். எண் அதன் அடையாளம் ஆகாது, அது இன்றைக்கு நிற்கும் இடம் மட்டும்தான்.

அடையாளம் என்றதும் இன்னொன்று. ஒரே பேக்கேஜை இரண்டு கிளாஸ்கள் அறிவித்தால் ‘டூப்ளிகேட் டிக்ளரேஷன்’ என்று கேட்டலாக் (ஒரு மெஷினுக்கான முழு அறிவிப்புத் தொகுப்பு) தயாராகாமலே நின்றுவிடும். ஒரே பட்டியலில் பெயர் இரண்டு முறை வந்தாலும் அதே கதைதான், அதற்குத் திரும்ப வருவதை நீக்கும் யூனிக் போதும். இரண்டு கிளாஸ் விஷயத்துக்கு ஸ்டாண்டர்ட் லைப்ரரி மாட்யூலில் என்ஷூர் பேக்கேஜஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது, ஏற்கெனவே அறிவிக்கவில்லை என்றால் மட்டும் அறிவிக்கும். அவசரத்துக்கு உதவும், ஆனால் இரண்டு இடத்தில் இருக்கும் விவரங்கள் கொஞ்சம் வேறுபட்டால் திரும்பவும் மோதும். எந்தப் பேக்கேஜுக்கு யார் பொறுப்பு என்று முடிவு செய்யாமல் தள்ளிப்போட்டதுதான் அங்கே உண்மையான சிக்கல்.

இனி உங்கள் நிலைமைக்கு நான் சிபாரிசு செய்வது. இரண்டு கிளாஸ்கள் ஒரு பட்டியலைப் பங்கு போடுவதை விட்டுவிடுங்கள், பட்டியலை நிரலிலிருந்தே வெளியே எடுத்து ஹையராவில் (பப்பெட்டுக்கான தரவுகளை அடுக்கு அடுக்கான கோப்புகளில் வைக்கும் வசதியில்) வையுங்கள். பேக்கேஜ்களை நிறுவும் வேலை ஒரே ஒரு கிளாஸுக்கு, அதற்கு ஒரே ஒரு பாராமீட்டர் (வெளியிலிருந்து மதிப்பு பெறும் பெயர்). எல்லா மெஷின்களுக்கும் பொதுவான பெயர்கள் பொது யாமல் (தரவு எழுதும் ஓர் எளிய வடிவம்) கோப்பில், வெப் சர்வர்களுக்கு மட்டும் வேண்டிய இரண்டு பெயர்கள் அந்தப் பொறுப்புக்கான கோப்பில். ஹையரா இவற்றைச் சேர்த்து ஒரே பட்டியலாகத் தரும், ஆனால் நீங்கள் சொன்னால்தான் தரும், இதுதான் எல்லோரும் தவறவிடும் இடம். ஒன்றும் சொல்லாவிட்டால் அது மேலிருந்து தேடி முதலில் கிடைத்த மதிப்பை எடுத்துக்கொண்டு நின்றுவிடும். அதாவது வெப் சர்வரில் அந்த இரண்டு பெயர் மட்டும்தான் வரும், பொதுப் பட்டியல் முழுதாகக் காணாமல் போகும். ஏற்கெனவே நிறுவியவை மெஷினில் இருந்துகொண்டே இருப்பதால் பழைய மெஷின்களில் இது தெரியவும் தெரியாது. புதிதாக ஒரு மெஷினை ஏற்றும் அன்றைக்குத்தான் கர்ல் என்ற அடிப்படைக் கருவிகூட இல்லையே என்று கண்டுபிடிப்பீர்கள்.

சொல்ல வேண்டிய இடம் லுக்கப் ஆப்ஷன்ஸ் என்ற சாவி, அதையும் யாமலிலேயே வைக்கலாம். அதில் உங்கள் பாராமீட்டரின் முழுப்பெயரைப் போட்டு மெர்ஜ் என்பதற்கு யூனிக் என்று கொடுத்தால், எல்லா அடுக்குகளிலிருந்தும் வந்த பட்டியல்களை ஒன்றாக்கி, உள்ளே பட்டியல் இருந்தால் அதையும் பிரித்து, திரும்ப வருவதை நீக்கித் தரும். ஒரு மெஷினில் மட்டும் பொதுப் பட்டியலிலிருந்து ஒன்றை விலக்க வேண்டுமா? அதற்கு யூனிக் போதாது, மெர்ஜுக்கு டீப் என்று வைத்து, நீக்க வேண்டியதைக் குறிக்கும் முன்னொட்டான நாக்கவுட் ப்ரீஃபிக்ஸாக இரண்டு கோடுகளைக் கொடுங்கள், அந்த மெஷினின் கோப்பில் --விம் (விம் என்பது ஓர் எடிட்டர் பேக்கேஜ்) என்று எழுதினால் கீழ் அடுக்கிலிருந்து வரும் விம் நீங்கிவிடும். இப்படி எழுதியதும் கையோடு பப்பெட் லுக்கப் கட்டளையை எக்ஸ்ப்ளெய்ன் ஆப்ஷனோடு ஓட்டிப் பாருங்கள், எந்த அடுக்கில் என்ன கிடைத்தது, எப்படிச் சேர்ந்தது என்று வரிவரியாகக் காட்டும். ஹையரா பற்றிய குழப்பங்களில் பாதி அந்த ஒரு கட்டளையில் தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

எல்லாப் பட்டியலையும் இப்படிச் சேர்க்கத் தொடங்கிவிடாதீர்கள். வரிசைக்கு அர்த்தம் இருக்கிற பட்டியல்கள் உண்டு, டிஎன்எஸ் சர்வர்களின் பட்டியல், யார் நிர்வாகியாகக் கட்டளை ஓட்டலாம் என்று சொல்லும் சூடோ விதிகளின் பட்டியல் போல. அவற்றை அடுக்குகளிலிருந்து துண்டு துண்டாகச் சேர்த்தால் கடைசியில் எது முதலில் நிற்கும் என்பது படிக்கிறவருக்கு எளிதில் தெரியாது. அந்த மாதிரி இடத்தில் முதலில் கிடைத்ததே போதும் என்று விட்டு, ஒவ்வொரு அடுக்கிலும் முழுப் பட்டியலை எழுதுவதே நல்லது, கொஞ்சம் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருந்தாலும்.

இன்னொன்று, உறுப்புகள் வெறும் பெயர்களாக இல்லாமல் போர்ட், பயனர் என்று விவரங்களோடு வந்தால் ஹாஷ்களின் பட்டியலாக எழுதாதீர்கள், பெயரைச் சாவியாக வைத்த ஹாஷாக எழுதுங்கள். இரண்டு அடுக்குகளில் வரும் பட்டியல்களில், ஒன்றின் எந்த உறுப்பும் மற்றதன் எந்த உறுப்பும் ஒன்று என்று ஹையராவுக்குத் தெரிய வழியில்லை. சாவி இருந்தால் அதே சாவியின் கீழ் போர்ட்டை மட்டும் மாற்றி எழுதலாம். ஈச்சில் சாவி, மதிப்பு என்று இரண்டாக வாங்கி, சாவியை டைட்டிலாகவும், நட்சத்திரக் குறியோடு மதிப்பை மொத்தமாக அட்ரிப்யூட்களாகவும் (ரிசோர்ஸின் விவரங்களாகவும்) கொடுத்தால் வேலை முடிந்தது.

பாராமீட்டருக்கு டைப் (எந்த வகை மதிப்பு வரலாம் என்பது) போட மறக்காதீர்கள். சொற்களின் பட்டியல் என்று பொருள்படும் அரே[ஸ்ட்ரிங்] என்று எழுதியிருந்தால், யாமலில் யாரோ கோடு போட மறந்து ஒற்றைச் சொல்லாக எழுதிவிட்டதை கேட்டலாக் உருவாகும்போதே பிடித்துவிடும். ஒற்றைச் சொல்லையும் ஏற்க வேண்டும் என்றால் இரண்டையும், எதுவும் வரலாம் என்று சொல்லும் வேரியன்டில் போட்டுவிட்டு, உள்ளே அரே($பெயர், ட்ரூ) என்று மாற்றிக்கொள்ளுங்கள். அந்த ட்ரூ முக்கியம், அதை விட்டுவிட்டால் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிய்த்து ஒரு பட்டியல் ஆக்கிவிடும், அப்புறம் ‘வி’ என்ற பேக்கேஜ் கிடைக்கவில்லை என்று ஒரு தவறு வரும், அதன் காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு மாலை போகும்.

கோப்புக்குள் பட்டியலை எழுதும்போது ஒன்று கவனியுங்கள். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பங்கிடும் லோட் பேலன்சரின் பின்னால் இருக்கும் சர்வர்களின் பட்டியலை பப்பெட்டின் தரவுத்தளமான பப்பெட் டிபியிலிருந்து கேட்டு வாங்கி டெம்ப்ளேட்டில் எழுதியிருந்தோம். கேள்விக்கு வரும் பதில் ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் வரும் என்று எந்த உறுதியும் கிடையாது. ஒவ்வொரு மெஷினிலும் இருக்கும் பப்பெட்டின் ஏஜென்ட் இயல்பாக 30 நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும், பெயர்கள் அதே, வரிசை மட்டும் வேறு, கோப்பு மாறிவிட்டது என்று சர்வீஸை ரீலோட் செய்யும். பல வாரங்கள் இணைப்புகள் இடையிடையே அறுந்துகொண்டிருந்தன, நாங்கள் நெட்வொர்க்கைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம். டெம்ப்ளேட்டுக்குப் போகும் முன், வரிசைப்படுத்தும் ஒரு சார்ட் போட்டதும் நின்றது. வரிசைக்கு அர்த்தம் இல்லாத எந்தப் பட்டியலையும் கோப்பில் எழுதும் முன் சார்ட் செய்துவிடுங்கள், அது கேள்வியே இல்லாமல் செய்ய வேண்டிய வேலை.

இப்போது எடுத்த பெயர். அது விம் என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் விம் இருந்தபோது பப்பெட்டுக்கு நீங்கள் சொன்னது, விம் இருக்க வேண்டும். எடுத்த பிறகு சொல்வது, விம் இருக்கக் கூடாது என்பதல்ல. விம் பற்றி எனக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை என்பதுதான். பேசாத பொருளை பப்பெட் தொடாது. முதல் பார்வையில் இது குறையாகத் தெரியும், ஆனால் தொடும் என்று இருந்திருந்தால், கேட்டலாகில் இல்லாத ஒவ்வொன்றையும், ஆபரேட்டிங் சிஸ்டம் தானே கொண்டுவந்த நூற்றுக்கணக்கான பேக்கேஜ்களையும் சேர்த்து, அது முதல் ஓட்டத்திலேயே அழித்திருக்கும்.

ஆக ‘குறைந்தது இவை’ என்பதும் ‘இவை மட்டும்’ என்பதும் இரண்டு வேறு வாக்கியங்கள், பட்டியலைப் பார்த்தால் மட்டும் எது என்று தெரியாது. இது தெளிவாகத் தெரிகிற இடம் யூசர் ரிசோர்ஸின் குரூப்ஸ் பட்டியல். அதில் மெம்பர்ஷிப் என்று ஓர் அட்ரிப்யூட் இருக்கிறது, இயல்பாக அது மினிமம், அதாவது பட்டியலில் உள்ள குழுக்களில் ஆளைச் சேர்க்கும், மற்ற குழுக்களைத் தொடாது. இன்க்ளூசிவ் என்று வைத்தால் பட்டியலில் இல்லாத குழுக்களிலிருந்து நீக்கியும் விடும். யாரோ ஒருவருக்கு நிர்வாக உரிமை தரும் குழுவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு உரிமை போய்விட்டது என்று நிம்மதியாக இருக்கும் அணிகளைப் பார்த்திருக்கிறேன், உரிமை போயிருக்காது. பாதுகாப்பு சம்பந்தப்பட்ட பட்டியல் எதுவாக இருந்தாலும் இதை முதலில் சரிபாருங்கள். டைரக்டரிக்கு இதே வேலையை ரிகர்ஸும் பர்ஜும் சேர்ந்து செய்யும், உள்ளே பப்பெட் அறியாத கோப்புகள் நீங்கும். கான்ஃபிக் துண்டுகள் போடும் டைரக்டரிகளுக்கு இது மிகப் பொருத்தம். பயனர்கள் போன்ற முழு வகைக்கு ரிசோர்சஸ் என்ற ரிசோர்ஸில் பர்ஜ் இருக்கிறது, அதை, எதையும் மாற்றாமல் சொல்லிக்காட்ட மட்டும் செய்யும் நூப் முறையில் ஓட்டி, எதையெல்லாம் அழிக்கப்போகிறது என்று ஒரு வரி விடாமல் படிக்காமல் உண்மையாக ஓட்டவே கூடாது. பேக்கேஜ்களுக்கு அதை நினைக்கவே வேண்டாம்.

பேக்கேஜுக்கு வழி இரண்டாவது பட்டியல் ஒன்று. வேண்டியவை ஒரு பட்டியல், வேண்டாதவை ஒரு பட்டியல், இரண்டாவதில் உள்ளவற்றுக்கு என்ஷூர் (எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பது) மதிப்பு ஆப்சென்ட், அதாவது இருக்கக் கூடாது. கான்ஃபிக் கோப்புகளும் சேர்ந்து போக வேண்டுமென்றால், டெபியன் வகை மெஷின்களில் பேக்கேஜ் நிறுவும் ஆப்ட் போல அதை ஆதரிக்கும் இடங்களில் பர்ஜ்ட் என்று கொடுக்கலாம். நிறுவும் பட்டியலாக $வேண்டியவை - $வேண்டாதவை என்பதைக் கொடுங்கள், அப்படிச் செய்தால் ஒரு பெயர் தவறி இரண்டிலும் இருந்தாலும் டூப்ளிகேட் மோதல் வராது, நீக்குவதுதான் வெல்லும். இரண்டாவது பட்டியலுக்கும் ஹையராவில் யூனிக் மெர்ஜ் சொல்லிவிடுங்கள். நீங்கள் எடுத்த அந்தப் பேக்கேஜின் பெயரை இன்றைக்கே அதில் போடுங்கள், எல்லா மெஷின்களும் ஒரு முறையாவது ஓடி முடித்தன என்று ரிப்போர்ட்களில் பார்க்கும் வரை, மாதக்கணக்கில் அணைந்து கிடக்கும் மெஷின்களையும் கணக்கில் வைத்து, அங்கேயே விட்டுவையுங்கள். எல்லாம் முடிந்த பிறகு அதை அங்கிருந்தும் எடுத்துவிடலாம்.